எழுதும்போது மட்டும் ஏன் திணறுகிறது? வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான். நாலைந்து டிஸ்க்கைச் சேர்த்து ஒரே டிஸ்க் போல ஓட்டும் ரெய்டு போட்டிருக்கிறோம், படிக்கும்போது நன்றாக ஓடுகிறது, எழுதச் சொன்னால் திணறுகிறது, சாட்டாவை மாற்றுவதா, சாஸ் வாங்குவதா, என்விஎம்இக்குப் போவதா (மூன்றும் டிஸ்க்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் முறைகள்) என்று கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. அதனால்தான் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதற்கே முழு இடத்தையும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: திருமண வீடியோ எடிட்டிங் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். நாலு டிஸ்க் போடும் யுஎஸ்பி 3.0 பெட்டி ஒன்று வாங்கி, விண்டோஸின் ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் வழியாக மிரர் போட்டேன். ஒவ்வொரு டிஸ்க்கையும் தனியாகச் சோதித்தால் நொடிக்கு 200 எம்பி வருகிறது. சேர்த்துப் படித்தால் 400 வருகிறது. எழுதினால் 200-ஐத் தாண்டவே இல்லை. பெட்டி பழுதா? (காரைக்குடி)

பதில்: பெட்டியில் பழுது இல்லை. உங்கள் எண்கள் மூன்றுமே சரியான எண்கள், அவற்றை வைத்தே விளக்கிவிடலாம்.

கல்யாண வீட்டில் சமையற்கட்டிலிருந்து பந்திக்குப் போக ஒரே ஒரு வாசல் இருக்கிறது என்று வையுங்கள். யுஎஸ்பி கேபிள்தான் அந்த வாசல். யுஎஸ்பி 3.0-வின் பெட்டியில் 5 ஜிபிபிஎஸ், அதாவது நொடிக்கு 500 கோடி பிட் என்று போட்டிருந்தாலும், ஒவ்வொரு 8 பிட்டையும், அதாவது ஒரு பைட்டை, 10 பிட்டாக மாற்றி அனுப்புவதால் அது முதலிலேயே நொடிக்கு 500 எம்பி ஆகிவிடும். பேச்சுவார்த்தைச் செலவெல்லாம் போக, கைக்கு வருவது 400 சொச்சம். உங்களுக்குப் படிக்கும்போது கிடைக்கும் 400 அதுதான். நாலு டிஸ்க்கும் சேர்ந்து 800 கொடுக்கத் தயாராக இருந்தாலும் வாசல் 400-தான் விடும்.

இப்போது எழுதுவதைப் பாருங்கள். மிரர் என்றால் ஒவ்வொரு துண்டும் இரண்டு டிஸ்க்கில் இருக்க வேண்டும். அந்த இரண்டு பிரதிகளை எடுப்பது யார்? பெட்டி இல்லை, உங்கள் கம்ப்யூட்டரில் ஓடும் விண்டோஸ். அதாவது ஒரு லட்டு பரிமாற இரண்டு லட்டு அந்த ஒற்றை வாசல் வழியாகப் போகிறது. 400-ஐ இரண்டால் வகுத்தால் 200, கணக்கு முடிந்தது. டிஸ்க்குகளைப் பொறுத்தவரை நாலு இருநூறு எண்ணூறு, மிரர் என்பதால் அதில் பாதி 400 எழுதியிருக்க முடியும். கேபிள்தான் அதில் பாதியைச் சாப்பிட்டுவிட்டது.

பலர் தவறவிடுவது இந்த இடத்தைத்தான். டிஸ்க்கின் பின்பக்கம் 6 ஜிபிபிஎஸ் என்று இருக்கிறதா என்று பார்க்கிறார்கள், அது அந்த ஒரு டிஸ்க்குக்கும் அதன் சாக்கெட்டுக்கும் நடுவில் உள்ள சின்னச் சந்து மட்டும். எல்லாச் சந்துகளும் எங்கே வந்து ஒரே தெருவாகச் சேர்கின்றன என்பதைத்தான் தேட வேண்டும். படிக்கும்போது அந்த இடத்தை ஒவ்வொரு பைட்டும் ஒரு முறை கடக்கிறது. எழுதும்போது மிரரில் இரண்டு முறை கடக்கும். பேரிட்டி, அதாவது ஒரு டிஸ்க் போனாலும் தரவை மீட்கக் கணக்கிட்டு வைக்கும் கூடுதல் துண்டு போட்டால், ரெய்டு 5 மாதிரி, நாலு டிஸ்க்கில் வரிசையாகப் பெரிய ஃபைல் எழுதும்போது மூன்று துண்டு தரவுக்கு ஒரு துண்டு பேரிட்டி கூடப் போகும், அப்போது உங்கள் கேபிளில் 300 வரை கிடைக்கும். ஆனால் சின்னச் சின்னதாக எழுதினால் பழைய தரவைப் படி, பழைய பேரிட்டியைப் படி, புதிய தரவை எழுது, புதிய பேரிட்டியை எழுது என்று ஒரு வேலை நாலு வேலையாகிவிடும். அந்த நாலும் அதே கேபிள் வழியாகத்தான்.

என்ன செய்யலாம்? ரெய்டு கட்டுப்பாட்டுச் சிப் பெட்டிக்குள்ளேயே இருக்கும் மாடல் கிடைக்கிறது. அதில் கேபிள் வழியாக ஒரே பிரதிதான் போகும், இரண்டாவது பிரதியைப் பெட்டி உள்ளே போட்டுக்கொள்ளும், எழுதும் வேகம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். ஆனால் பெட்டி செத்தால் பெரும்பாலும் அதே மாடல் பெட்டி கிடைத்தால்தான் டிஸ்க்கைப் படிக்க முடியும், அதை யோசித்து வாங்குங்கள். இல்லையென்றால் 10 ஜிபிபிஎஸ் யுஎஸ்பி பெட்டியும் அதற்கேற்ற போர்ட்டும். எதை வாங்கினாலும் யுஏஎஸ்பி உண்டா என்று கேட்டு வாங்குங்கள், அது இல்லாத பழைய முறையில் ஒரு கட்டளை முடிந்த பிறகுதான் அடுத்தது போகும், நாலு டிஸ்க் பெட்டிக்கு அது சரிப்படாது.

இன்னொன்று. டிஸ்க் நிரம்ப நிரம்ப வேகம் குறையும். வெளிவட்டத்தில் 200 கொடுக்கும் டிஸ்க் உள்வட்டத்துக்கு வரும்போது ஏறக்குறைய அதில் பாதிதான் கொடுக்கும். அதற்குக் கேபிளைக் குறை சொல்ல வேண்டாம். அப்புறம், யுஎஸ்பி கேபிள் ஒன்று லேசாக அசைந்தால் நாலு டிஸ்க்கும் ஒரே நேரத்தில் காணாமல் போகும். தாலி கட்டும் காட்சியை மறுபடி எடுக்க முடியாது, வேறொரு டிஸ்க்கில் தனிப் பிரதி ஒன்று கட்டாயம் வையுங்கள்.

கேள்வி: பனியன் கம்பெனியில் 32 சிசிடிவி கேமரா. ஒரு பழைய கம்ப்யூட்டரில் 8 டிபி டிஸ்க் ஆறு, லினக்ஸில் ரெய்டு 5. இரண்டு டிஸ்க் மதர்போர்டில், நாலு டிஸ்க் ஒரு சின்ன சாட்டா கார்டில். பதிவில் அவ்வப்போது சில நொடிகள் விட்டுப்போகின்றன. கார்டு ஒற்றை லேன் என்பதால்தான் என்று கடைக்காரர் சொல்கிறார், சரியா? (திருப்பூர்)

பதில்: கடைக்காரர் சொல்வதில் உண்மை உண்டு, ஆனால் உங்கள் பிரச்சினைக்கு அது காரணம் இல்லை. இரண்டையும் பிரித்துப் பார்ப்போம்.

கார்டு மதர்போர்டோடு பேசும் பாதை பிசிஐ எக்ஸ்பிரஸ், அதில் ஒரு தடம்தான் லேன். அந்தக் கார்டு பிசிஐ எக்ஸ்பிரஸ் 2.0, ஒரு லேன் என்றால் உச்சம் 500 எம்பி, நடைமுறையில் 400 என்று வைத்துக்கொள்ளலாம். நாலு டிஸ்க் பங்குபோட்டால் தலைக்கு 100. மதர்போர்டில் இருக்கும் இரண்டு டிஸ்க் 200 கொடுக்க முடிந்தாலும், ரெய்டில் எல்லோரும் சேர்ந்துதான் நடக்க வேண்டும் என்பதால் அவையும் 100-க்கு இறங்கிவிடும். இது உண்மை.

ஆனால் உங்கள் கேமராக்கள் எவ்வளவு அனுப்புகின்றன? ஒரு கேமராவுக்கு 4 எம்பிபிஎஸ் என்றால் 32-க்கு 128 எம்பிபிஎஸ், அது நொடிக்கு வெறும் 16 எம்பி. பிட்டும் பைட்டும் குழம்பிப்போய் நிறையப் பேர் இங்கே பயந்துவிடுகிறார்கள். 16 எம்பிக்கு அந்தக் கார்டு தாராளம்.

அப்படியென்றால் எங்கே இடிக்கிறது? நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் டிஸ்க்குக்கு ஒரு சுற்றுக்கு 8.33 மில்லிநொடி. தேவையான இடம் டிஸ்க்கின் படிக்கும், எழுதும் தலைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, அதற்கு முன் தலை நகர்ந்து போக இன்னொரு எட்டு ஒன்பது மில்லிநொடி. கூட்டிப் பார்த்தால் சிதறிக் கிடக்கும் இடங்களில் நொடிக்கு 80 தடவை எழுதினாலே பெரிது. ஆறு டிஸ்க்குக்கு 480. ரெய்டு 5-இல் சின்ன எழுத்து (சின்னதாக ஒரு தடவை எழுதுவது) ஒன்றுக்கு நாலு வேலை என்று முதல் பதிலில் சொன்னேன், ஆக 480-ஐ நாலால் வகுத்தால் 120. உங்கள் பதிவு மென்பொருள் ஒவ்வொரு கேமராவுக்கும் நொடிக்கு நாலு தடவை டிஸ்க்குக்குத் தள்ளினால் 32 நாலு 128. அளவில் 16 எம்பிதான், எண்ணிக்கையில் வரம்பைத் தாண்டிவிட்டது. மேலாளர் அறையில் யாராவது நேற்றைய பதிவை ஓட்டிப் பார்த்தால் அந்த நேரம் பார்த்துத் தலை இன்னும் அலையும், அப்போதுதான் நொடிகள் விட்டுப்போகும். உங்கள் பதிவு எந்த நேரத்தில் விடுகிறது என்று குறித்துப் பாருங்கள், பெரும்பாலும் யாராவது பார்த்துக்கொண்டிருந்த நேரமாக இருக்கும்.

முதலில் பதிவு மென்பொருளில் பஃபர் அளவைக் கூட்டுங்கள், ஒரு கேமராவுக்கு நொடிக்கு நாலு தடவை சின்னதாக எழுதுவதற்குப் பதில் சில நொடிக்கு ஒரு தடவை பெரிதாக எழுதட்டும். இதற்குக் காசு செலவில்லை, பலன் அதிகம். அது போதவில்லை என்றால், ஜோடி ஜோடியாக மிரர் போட்டுச் சேர்க்கும் ரெய்டு 10-க்கு மாறுங்கள், அங்கே ஒரு எழுத்துக்கு இரண்டு வேலைதான், 120 என்பது 240 ஆகும். கொள்ளளவு 40 டிபியிலிருந்து 24-க்கு இறங்கும், எத்தனை நாள் பதிவு தேவை என்பதைப் பொறுத்து முடிவு செய்யுங்கள்.

டிஸ்க்குகளின் மாடலையும் பாருங்கள். எஸ்எம்ஆர் வகை டிஸ்க்கில் தடங்களை நாட்டு ஓடு வேய்வதுபோல் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி அடுக்கியிருப்பார்கள். நடுவில் ஓடு ஒன்றை மாற்ற அதை ஒட்டிய வரிசையையே கலைத்து அடுக்க வேண்டும் இல்லையா, அதேதான் இங்கேயும். புதிதாக இருக்கும்போது ஒன்றும் தெரியாது, நிரம்பி ஒருமுறை சுற்றி வந்த பிறகு எழுதும் வேகம் படுத்துவிடும். 2020-இல் வெஸ்டர்ன் டிஜிட்டலின் நாஸ் (நெட்வொர்க்கில் மாட்டும் சேமிப்பு) பெட்டிகளுக்கான ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையிலான சில மாடல்கள் இந்த வகை என்பது தெரியவந்து பெரிய சர்ச்சையானது. பிறகு தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சிஎம்ஆர் டிஸ்க்குகளை ரெட் பிளஸ் என்று தனிப் பெயரில் பிரித்தார்கள். ரெய்டுக்கு வாங்கும்போது சிஎம்ஆர் என்று உறுதி செய்துகொண்டு வாங்குங்கள்.

கார்டுக்கு வருவோம். அதை அப்படியே விட்டுவிடலாமா என்றால், விட வேண்டாம் என்பேன். ஒரு டிஸ்க் செத்துப் புதிதாகப் போடும்போது மீதி ஐந்தையும் முழுக்கப் படித்து ஆறாவதில் 8 டிபி எழுத வேண்டும். நொடிக்கு 200 எம்பி ஓடினால் 11 மணி நேரம். கார்டு 100-இல் பிடித்து வைத்தால் 22 மணி நேரம், கேமராக்களும் கூடவே எழுதிக்கொண்டிருப்பதால் இன்னும் நீளும். அந்த நேரம் முழுக்க இன்னொரு டிஸ்க் போனால் எல்லாம் போச்சு. பழைய சர்வர்களிலிருந்து கழற்றிய எட்டு போர்ட் சாஸ் கார்டுகள் குறைந்த விலைக்குக் கிடைக்கும், எல்எஸ்ஐ 9211 மாதிரி, எட்டு லேன் உள்ளவை, சாட்டா டிஸ்க்குகளை அப்படியே ஏற்கும். உங்கள் போர்டில் எட்டு லேன் போகும் இடம் இருந்தால் அதை வாங்கிப் போடுங்கள்.

கேள்வி: மதர்போர்டில் இருப்பது பழைய 3 ஜிபிபிஎஸ் சாட்டா. நாலு ஹார்ட் டிஸ்க் ரெய்டுக்காக 6 ஜிபிபிஎஸ் போர்டு வாங்கலாமா? (தஞ்சாவூர்)

பதில்: ஹார்ட் டிஸ்க் மட்டும் என்றால் வேண்டாம். 3 ஜிபிபிஎஸ் என்பது டிஸ்க்குக்கு 300 எம்பி, உங்கள் டிஸ்க் 200 முதல் 270-க்குள்தான் ஓடும். எஸ்எஸ்டி போடப்போகிறீர்கள் என்றால் மாற்றுங்கள், 550 ஓடும் எஸ்எஸ்டி அதில் 280-க்கு அடங்கிவிடும். அதற்கு முன் பயாஸில் சாட்டா பயன்முறை ஐடிஇ என்று இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் என்சிக்யூ வேலை செய்யாது. 32 கட்டளைகளை வாங்கி வைத்துக்கொண்டு தலைக்கு வசதியான வரிசையில் டிஸ்க்கே முடித்துத் தரும் ஏற்பாடு அது. அது வேலை செய்ய ஏஎச்சிஐ என்ற பயன்முறைக்கு மாற்ற வேண்டும், ஆனால் விண்டோஸில் டிரைவரைத் தயார்செய்யாமல் சட்டென்று மாற்றினால் பூட் ஆகாமல் நிற்கும், கவனம்.

கேள்வி: மருத்துவமனையில் ஐடி பொறுப்பு. பில்லிங் சர்வரில் 10,000 சுற்று சாஸ் டிஸ்க் எட்டு, ரெய்டு கன்ட்ரோலர், ரெய்டு 10. மூன்று வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. போன மாதத்திலிருந்து பில் போட்டால் சேமிக்கவே பல நொடி ஆகிறது. சப்ளையர் 6 ஜிபிபிஎஸ் சாஸை 12-க்கு மாற்றச் சொல்லி விலைப்பட்டியல் கொடுத்திருக்கிறார். (மதுரை)

பதில்: அந்தப் பட்டியலில் இன்னும் கையெழுத்துப் போடாதீர்கள். மூன்று வருடம் ஓடியது திடீரென்று நின்றால் 6 ஜிபிபிஎஸ் அதற்குக் காரணமாக இருக்க முடியாது, அது மூன்று வருடமாக 6-தானே. கன்ட்ரோலரின் மேலாண்மைத் திரையைத் திறந்து கேஷ் (அதன் தற்காலிக நினைவகம்) நிலை ரைட்-பேக் என்று இருக்கிறதா, ரைட்-த்ரூ என்று மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்திலேயே பேட்டரி நிலை இருக்கும். என் ஊகம், பேட்டரி போய்விட்டது.

பில்லிங் மென்பொருள் ஒவ்வொரு பில்லையும் சேமிக்கும்போது டேட்டாபேஸ் "டிஸ்க்கில் போய்விட்டதா?" என்று கேட்டு, பதில் வரும்வரை காத்திருக்கும். ரைட்-பேக்கில் கன்ட்ரோலர் தன் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு உடனே "போய்விட்டது" என்று சொல்லிவிடும், ஒரு மில்லிநொடிகூட ஆகாது. பிறகு சாவகாசமாக வரிசைப்படுத்தி டிஸ்க்கில் எழுதும். கரண்ட் போனால் நினைவகத்தில் இருப்பது அழியாமல் காப்பாற்றத்தான் அந்தப் பேட்டரி. பேட்டரி போனதும் கன்ட்ரோலர் நியாயமாக ரைட்-த்ரூவுக்கு மாறிவிடும், இனி டிஸ்க் எழுதி முடித்த பிறகுதான் பதில். உங்கள் டிஸ்க் ஒரு சுற்று சுற்றவே 6 மில்லிநொடி. ஒரு பில்லுக்குள் இப்படி இருபது முப்பது தடவை காத்திருந்து, பத்து கவுன்ட்டரும் ஒரே நேரத்தில் வரிசையில் நின்றால் பல நொடி ஆகத்தான் செய்யும்.

நான் ஒரு அலுவலகத்தில் இதே கோளாறுக்காக இரண்டு முழு நாள் கேபிள், கன்ட்ரோலர், டிஸ்க் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். மூன்றாவது நாள்தான் பேட்டரி எச்சரிக்கை பதிவேட்டில் ஒரு மாதமாகக் கிடந்ததைப் பார்த்தோம். அந்த இரண்டு நாளும் அங்கே வேலை பார்த்தவர்கள் பட்ட அவதி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது, அதனால்தான் எழுதும் வேகம் திடீரென்று சரிந்தது என்று யார் சொன்னாலும் முதலில் பேட்டரியைக் கேட்கிறேன்.

இன்னொரு சாத்தியம். பழைய கன்ட்ரோலர்கள் சில மாதத்துக்கு ஒருமுறை பேட்டரியை முழுக்க இறக்கி ஏற்றிச் சோதிக்கும், அந்தச் சில மணி நேரம் மட்டும் ரைட்-த்ரூவில் இருக்கும். ஒரு நாள் மட்டும் மெதுவாகி மறுநாள் தானாகச் சரியானால் அதுதான். உங்களுக்கு ஒரு மாதமாக இருப்பதால் பேட்டரியே மாற்ற வேண்டியிருக்கும். புதிய கார்டுகளில் பேட்டரிக்குப் பதில் கெபாசிட்டரும் ஃபிளாஷ் நினைவகமும் வருகின்றன, அவை நீண்ட நாள் உழைக்கும். பேட்டரி இல்லாமலே ரைட்-பேக்கைக் கட்டாயமாக இயக்க ஒரு தேர்வு இருக்கும், யாராவது சொன்னாலும் செய்யாதீர்கள். யுபிஎஸ் இருக்கிறதே என்பார்கள். சர்வருக்குள் இருக்கும் பவர் சப்ளை எரிந்தால் யுபிஎஸ் என்ன செய்யும்? இது நோயாளிகளின் கணக்கு.

12 ஜிபிபிஎஸ் எப்போது உதவும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 6 ஜிபிபிஎஸ் சாஸில் ஒரு லேனுக்கு 600 எம்பி. எட்டு டிஸ்க்குக்கு எட்டு லேன் தனித்தனியாக இருந்தால் 200 சொச்சம் ஓடும் டிஸ்க்குக்கு அதுவே மூன்று மடங்கு இடம். ஆனால் 24 டிஸ்க் பெட்டியை, ஒரு கேபிளைப் பல டிஸ்க்குக்குப் பிரித்துக் கொடுக்கும் எக்ஸ்பாண்டர் வழியாக நாலு லேன் கொண்ட ஒரே கேபிளில் மாட்டினால் 24 இருநூறு 4800 எம்பி, கேபிள் விடுவது 2400. அங்கே 12-க்குப் போனால் வித்தியாசம் தெரியும், அதுவும் பெரிய ஃபைல்களை வரிசையாக எழுதும்போது. உங்கள் பில்லிங் எழுதுவது நொடிக்குச் சில எம்பி, அதற்குச் சாலை எவ்வளவு அகலமானால் என்ன.

சாட்டாவை விட சாஸ் எதில் மேல் என்றும் கேட்டிருந்தீர்கள். ஒரே நேரத்தில் போக்கும் வரவும் நடக்கும், சாட்டாவில் ஒரு சமயத்தில் ஒரு பக்கம்தான் தரவு போகும். டிஸ்க்குக்கு இரண்டு போர்ட், ஒரு கன்ட்ரோலர் போனாலும் இன்னொன்று பார்த்துக்கொள்ளும். கேபிள் 10 மீட்டர் வரை போகலாம், சாட்டாவுக்கு 1 மீட்டர். ஒரே தட்டு, ஒரே சுற்று வேகம் கொண்ட டிஸ்க் சாட்டா இணைப்பில் வந்தாலும் சாஸ் இணைப்பில் வந்தாலும் தனியாக எழுதும் வேகம் கிட்டத்தட்ட ஒன்றுதான், சாஸுக்குக் கொடுக்கும் கூடுதல் காசு அசராமல் ஓடுவதற்கு.

கேள்வி: அச்சகத்தில் நாலு டிஸ்க் ரெய்டு 5, லினக்ஸ். முன்பு 300 எம்பி எழுதியது இப்போது 25-க்கு வந்துவிட்டது, டிஸ்க் எதுவும் பழுது என்று காட்டவில்லை. (யாழ்ப்பாணம்)

பதில்: நாலு பேர் தூக்கும் பல்லக்கில் ஒருவர் கால் இடறி நின்றால் மற்ற மூவரும் நிற்க வேண்டியதுதான். உங்கள் நாலில் ஒன்று இடறுகிறது. ஐஓஸ்டாட் கட்டளையை விரிவான வெளியீட்டுடன் ஓடவிட்டு எழுதும்போது பாருங்கள், மூன்று டிஸ்க் சும்மா இருக்கும், ஒன்று மட்டும் நூறு சதவீதம் வேலையில் இருப்பதாகக் காட்டும், காத்திருப்பு நேரமும் அதற்கு மட்டும் பல மடங்கு இருக்கும்.

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் 199-ஆம் எண்ணைப் பாருங்கள், சிஆர்சி பிழை எண்ணிக்கை அது. அது ஏறிக்கொண்டே போனால் குற்றம் டிஸ்க்கில் இல்லை, கேபிளிலோ சாக்கெட்டிலோ. வழியில் கெட்டுப்போன ஒவ்வொரு துண்டையும் மறுபடி அனுப்ப வேண்டும், பிழை தொடர்ந்தால் லினக்ஸின் மையமான கெர்னல் 6 ஜிபிபிஎஸ்ஸை 3-க்கும் பிறகு 1.5-க்கும் இறக்கிவிடும், கெர்னல் பதிவில் அப்படியே எழுதியிருக்கும். 1.5 என்றாலும் 150 எம்பி உண்டு, அதனால் வேகத்தைக் கொல்வது அந்த இறக்கம் மட்டும் இல்லை, ஒவ்வொரு பிழைக்கும் இணைப்பை அறுத்து மறுபடி கட்டுவதுதான். கேபிளை மாற்றுங்கள். அந்த எண் பழைய நிலைக்கு இறங்காது, மேலே ஏறாமல் நின்றால் சரியாகிவிட்டது என்று அர்த்தம்.

199 அசையவில்லை, கெட்ட இடங்களை எண்ணும் 5-உம் 197-உம் ஏறியிருக்கின்றன என்றால் டிஸ்க்கின் தட்டே தேய்கிறது. சாதாரண மேசைக் கணினி டிஸ்க் ஒரு கெட்ட இடத்தைப் படிக்க விடாமல் பல நொடி முயன்றுகொண்டே இருக்கும், ரெய்டுக்கான டிஸ்க் வழக்கமாக 7 நொடியில் கைவிட்டுப் பிழை சொல்லும், மற்ற டிஸ்க்குகளிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளலாம் என்பதால். ரெய்டு 5-இல் சின்ன எழுத்துக்குக்கூட முதலில் பழையதைப் படிக்க வேண்டும், ஆகவே படிக்கத் திணறும் டிஸ்க் எழுதும் வேகத்தையும் இழுத்துவிடும். அப்படியென்றால் இன்றைக்கே பிரதி எடுத்துவிட்டு டிஸ்க்கை மாற்றுங்கள்.

கேள்வி: நாஸ் பெட்டியில் எத்தனை டிஸ்க் சேர்த்தாலும் எழுதும் வேகம் 112 எம்பியில் நிற்கிறது. (கோயம்புத்தூர்)

பதில்: அது ஜிகாபிட் நெட்வொர்க்கின் எல்லை. 1000 எம்பிபிஎஸ்ஸை எட்டால் வகுத்தால் 125, செலவு போக 110 முதல் 118. டிஸ்க்கைத் தொடாதீர்கள். கம்ப்யூட்டர், ஸ்விட்ச், நாஸ் மூன்றிலும் 2.5 ஜிகாபிட் வந்தால்தான் நகரும்.

கேள்வி: ரெய்டு யார் கண்டுபிடித்தது? இந்த எழுதும் சிக்கல் அவர்களுக்குத் தெரியாதா? (கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

பதில்: நல்லாவே தெரியும். 1988-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரையில்தான் அந்தப் பெயரே வந்தது. ஐபிஎம் 3380 போன்ற பெரிய, விலை உயர்ந்த டிஸ்க் ஒன்றுக்குப் பதில் தனிநபர் கணினிக்கான மலிவான சின்ன டிஸ்க்குகளை வரிசையாக அடுக்கினால் என்ன என்பது அவர்கள் கேள்வி. RAID என்ற அந்தப் பெயரில் உள்ள 'ஐ' என்ற எழுத்துக்கு அவர்கள் வைத்த பொருள் 'மலிவான', விற்பவர்கள்தான் பின்னால் 'தனித்தனியான' என்று மாற்றிக்கொண்டார்கள். சின்ன எழுத்து ஒன்றுக்கு இரண்டு படிப்பு, இரண்டு எழுத்து என்ற கணக்கு அந்தக் கட்டுரையிலேயே இருக்கிறது. கிடைத்தால் படியுங்கள், கஷ்டமான நடை இல்லை.

கேள்வி: இரண்டு என்விஎம்இ எஸ்எஸ்டி, ஒவ்வொன்றும் எழுதுவது 3000 எம்பி. தரவை இரண்டிலும் பிரித்து எழுதும் ரெய்டு 0 போட்டால் 6000 வரும் என்று எதிர்பார்த்தேன், 3300-தான் வருகிறது. அதுவும் நூறு ஜிபி தாண்டினால் பாதிக்கும் கீழே போகிறது. (சென்னை)

பதில்: மதர்போர்டின் கையேட்டில் எஸ்எஸ்டி செருகும் அந்த இரண்டு எம்.2 இடமும் எங்கே இணைக்கப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். பல போர்டுகளில் ஒன்று நேராகப் பிராசஸருக்கும் மற்றவை போர்டின் துணைச் சிப்பான சிப்செட்டுக்கும் போகும், சிலவற்றில் இரண்டுமே சிப்செட் வழியாகத்தான். இன்டெல்லின் டிஎம்ஐ 3.0 கொண்ட போர்டு என்றால் சிப்செட்டுக்கும் பிராசஸருக்கும் நடுவில் இருப்பது பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 நாலு லேனுக்குச் சமமான பாதை, 3900 எம்பி உச்சம். இரண்டு எஸ்எஸ்டியும், சாட்டா டிஸ்க்குகளும், யுஎஸ்பியும், நெட்வொர்க்கும் அதைத்தான் பங்குபோடுகின்றன. உங்கள் 3300 அங்கிருந்து வருகிறது. காரைக்குடி வாசகரின் யுஎஸ்பி கேபிள் எப்படியோ அப்படித்தான் இது, எண்கள்தான் பெரிது. இதே இடத்தில் மிரர் போட்டிருந்தால் இன்னும் பாதி, 1650 என்று வந்திருக்கும். ஒன்றைப் பிராசஸரின் எம்.2-க்கு மாற்றுங்கள், அல்லது கிராபிக்ஸ் கார்டு இடத்தில் எம்.2 கார்டு போடுங்கள், அதற்குப் பதினாறு லேனை நாலு நாலாகப் பிரிக்கும் வசதி பயாஸில் இருக்க வேண்டும்.

நூறு ஜிபிக்குப் பிறகு குறைவது வேறு கதை. எஸ்எஸ்டி தன் செல்களில் ஒரு பகுதியைச் செல்லுக்கு ஒரு பிட் என்று தற்காலிகமாக வேகமாக எழுதிக்கொள்ளும், அது நிரம்பியதும் உண்மையான முறையில், செல்லுக்கு மூன்று பிட் நாலு பிட் என்று எழுத வேண்டும். நாலு பிட் வகை சிலவற்றில் அந்த நேரத்து வேகம் நல்ல ஹார்ட் டிஸ்க்கை விடக் குறைவு. எந்த இன்டர்ஃபேஸாலும் இதை மாற்ற முடியாது. தினமும் பெரிய அளவில் எழுதுகிறவர் என்றால், கேஷ் நிரம்பிய பிறகு எவ்வளவு என்று சோதித்துச் சொல்லும் மதிப்புரைகளைப் பார்த்து வாங்குங்கள். டேட்டாபேஸ் ஓட்டுவதாக இருந்தால் கரண்ட் போகும்போது தாங்கும் கெபாசிட்டர் உள்ள சர்வர் வகை. விலை கூடத்தான், ஆனால் எழுதி முடித்தாயா என்று டேட்டாபேஸ் கேட்கும்போது அவை உடனே பதில் சொல்லும், சாதாரண எஸ்எஸ்டி அங்கே தடுமாறும்.

கேள்வி: என் பெட்டியில் எந்த இடம் குறுகல் என்று நானே எப்படிக் கண்டுபிடிப்பது? (புதுச்சேரி)

பதில்: லினக்ஸ் என்றால் எளிது. ரெய்டை யாரும் பயன்படுத்தாத நேரத்தில், டிடி கட்டளையால் ஒவ்வொரு டிஸ்க்கையும் தனித்தனியாக ஒரு நிமிடம் படித்து வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். படிப்பதுதான், உள்ளே இருப்பதற்கு ஆபத்தில்லை, ஆனால் எங்கிருந்து எங்கே என்பதை மாற்றித் தட்டிவிட்டால் டிஸ்க் அழியும், என்டர் தட்டுமுன் இரண்டு தடவை பாருங்கள். பிறகு எல்லா டிஸ்க்கையும் ஒரே நேரத்தில் படியுங்கள். தனியாக 200, சேர்ந்து படித்தாலும் தலைக்கு 200 என்றால் பாதையில் தடை இல்லை, கேஷ், ரெய்டு வகை, டிஸ்க் வகை பக்கம் தேடுங்கள். சேர்ந்து படிக்கும்போது தலைக்கு 100-க்கு விழுந்தால் எங்கோ ஒரு வாசல் பொதுவாக இருக்கிறது. சிலது மட்டும் விழுந்தால் அவை எந்தக் கார்டில் இருக்கின்றன என்று பாருங்கள்.

எழுதும் வேகத்தைச் சோதிக்கும்போது ஃபைல் உங்கள் ராமை விட மூன்று மடங்காவது பெரிதாக இருக்கட்டும், 32 ஜிபி ராம் என்றால் 100 ஜிபி. இல்லையென்றால் ராமின் வேகத்தை அளந்துவிட்டு டிஸ்க் பிரமாதம் என்று நினைத்துக்கொள்வீர்கள். தனியாகப் படித்தது, சேர்ந்து படித்தது, எழுதியது என்ற மூன்று எண்களோடு டிஸ்க்கின் மாடல், எந்த போர்ட்டில் எது இருக்கிறது என்பதையும் எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் உங்கள் பெட்டியை வைத்தே பார்ப்போம்.